பச்சை பூத்த முகம்

1

“…பச்சை புடிச்சிருக்குதே, அப்பறம் இன்னா பாப்பா? பழசா இல்லாமயா பச்சை புடிக்கும்? நீ படிச்ச எடத்துல இதத்தானே சொல்லிக் குடுத்திருப்பாங்க? அதை அப்படியே வாயால சொல்லிடு. மலைமேல இருக்கிறவங்க காதுல வுழுந்தா போதும்.”

சொன்னவர் என் அண்ணன் வேலாயுதம். கைபேசித் திரையில் பாதி அவர் முகம், பாதி எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மடியில் துண்டு விரித்து, அதன்மேல் எங்கள் காளியம்மனின் வெண்கல முகத்தைக் கைக்குழந்தையை வைத்திருப்பதுபோல வைத்திருந்தார். கச்சிராயபாளையம் சாலையில் கரும்பு டிராக்டர் ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு போனது எனக்கு இங்கே கேட்டது.

இங்கே என்றால் பிரான்சில். பாரிஸிலிருந்து ரயிலில் தெற்கே போனால் வரும் ஒரு சின்ன ஊரில், ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தின் பின்னறையில். பிள்ளைகள் சாப்பிட்டுப் போட்ட தட்டுகளை இயந்திரத்துக்குள் அடுக்கிவிட்டு, அது கழுவி முடிக்கும் வரை எனக்குக் கொஞ்சம் ஓய்வு. அந்த நேரத்தில்தான் ஊரோடு பேசுவேன். இங்கே மதியம், அங்கே மாடு கொட்டகைக்குத் திரும்பும் நேரம். புதுச்சேரிக்காரருக்குக் கழுத்தை நீட்டி, அவருடைய பிரெஞ்சுக் குடியுரிமையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தவள் நான். என் வாழ்க்கையில் ஒரு பெரும் பங்கு இந்தப் பின்னறையில் போய்விட்டது.

அண்ணன் கேட்டது என்ன என்பதை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது கல்வராயன் மலைக் குடும்பம். எங்கள் தாத்தாவின் அப்பா காலத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒருவர் வெள்ளிமலைப் பக்கமே சாமை, தினை என்று இருந்துகொண்டார். இன்னொருவர் கீழே இறங்கி வந்து, இப்போது கோமுகி அணை இருக்கிறதே, அதற்குக் கீழே கூலி வேலைக்கு நின்றார். இறங்கி வந்தவரின் வழி நாங்கள். இரண்டு வீட்டிலும் ஒரு காளியம்மன் முகம் இருக்கிறது. திருவிழா அன்று சாமிக் கல்லின்மேல் சார்த்துகிற முகம். இரண்டும் ஒரே மாதிரி. இடது கன்னத்தில் இரண்டுக்கும் ஒரே இடத்தில் ஒரே தழும்பு. காட்டுத் தீக்குப் பயந்து முகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது பாறையில் விழுந்து பட்ட காயம் என்று இரண்டு வீட்டிலும் ஒரே கதை. ஒன்று மூத்தது, மற்றது அதைப் பார்த்து வார்த்தது. எது எது என்பதில்தான் சண்டை.

மூத்த முகம் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டார்தான் முதல் பொங்கல் பானை வைக்க வேண்டும். இந்தப் பானையால், நான் பாவாடை கட்டிய வயதில், சேர்ந்து கும்பிடுவதே நின்று போயிற்று. இந்த மாசியில் மறுபடி சேரலாம் என்று இரண்டு பக்கமும் இறங்கி வந்திருந்தார்கள். அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி தீர வேண்டும். தீர்த்து வைக்க என்னைப் பிடித்தார்கள்.

பிடித்தது அண்ணன் இல்லை. மலை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் செல்லம்மா அண்ணி. எங்களுக்குப் பெரியப்பா முறையாகிறவரின் மகனைக் கட்டியவர்; கணவர் போன பிறகு அந்த வீட்டு முகத்துக்கும் விளக்குக்கும் அண்ணிதான். நான் ஏதோ பழம்பொருள் படிப்புப் படித்தேன் என்று காதில் விழுந்ததும் பேச்சுவார்த்தையில் சொன்னாராம்: “பாப்பா சொல்லட்டும். அது கட்டிக்குடுத்த பொண்ணு. அதுக்கு இப்ப புருஷன் வூட்டு சாமிதான் சாமி. நம்ம ரெண்டு பானையில எது பொங்கினாலும் அதுக்கு ஒரு கரண்டி கெடையாது. அதனால பொய் சொல்லாது.”

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த தகுதிச் சான்றுகளில் இதுதான் பெரியது. பிறந்த வீட்டுச் சாமியிடம் உரிமை போனதால் வந்த தகுதி.

“அண்ணி அப்படிச் சொல்லிடுச்சா? சரிதான்னுட்டேன்,” என்றார் அண்ணன். “நீ என் கூடப் பொறந்தவ. கேமராவுல பாத்தாலே உனக்குத் தெரிஞ்சிடும். பாப்பா, எனக்கு நெலமா இருக்குது, நீச்சா இருக்குது? மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டியே முதுகு வளைஞ்சிடுச்சி. மேல ஒரு நல்லது கெட்டதுக்குப் போனா, ‘எறங்கிப்போனவங்க வந்துட்டாங்க’ன்னு கடைசியில எலை போடுறாங்க. அம்மா மூத்தவன்னா நானும் மூத்தவன். அது ஒண்ணுதான் என்கிட்ட இருக்குது.”

கழுவும் இயந்திரம் நின்று மணி அடித்தது. “நாளைக்குச் சொல்றேன் அண்ணா” என்று வைத்துவிட்டேன்.

2

‘படிச்ச எடம்’ என்று அண்ணன் மரியாதையாகச் சொன்னது மூன்றே மூன்று சனிக்கிழமைகள். இந்தப் பிரெஞ்சு ஊரின் மாதா கோவிலுக்குப் பின்னால் பழைய தானியக் கிடங்கு ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அங்கே தூசி தட்ட, பெட்டியில் அடுக்க, ஊர்க்காரர்களில் விருப்பமுள்ளவர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். சும்மா சேர்க்க மாட்டார்கள். பழம்பொருளை எப்படிப் பார்ப்பது, எப்படிக் கெடாமல் வைப்பது என்று ஒரு குறும்பயிற்சி கொடுத்த பிறகுதான் துணியையே கையில் தருவார்கள்.

என்னைச் சேர்த்துவிட்டது என் மகள் நித்யா. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் வயதுக்கு வந்துவிட்ட பெண். “இருபது வருஷமா இந்த ஊர்ல இருக்க. இந்த ஊர்ல உனக்கு ஒரு சிநேகிதியாவது இருக்கா?” என்றாள், அதையும் பிரெஞ்சில். இருக்கிறார்கள், எல்லோரும் தொலைபேசிக்குள் இருக்கிறார்கள் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

துருப்பிடித்த சாவியைத் தொடுவதற்கு இவர்கள் கேட்ட காகிதங்கள் இருக்கிறதே! குடியிருப்புச் சான்று, விபத்துக் காப்பீடு, எதற்காக வருகிறேன் என்று ஒரு பக்கம். காப்பீடு பழைய தேதி என்று ஒரு தடவை திருப்பினார்கள். அண்ணனிடம் சொன்னபோது நம்பவில்லை. “சாவியத் தொட இன்சூரன்ஸா? கரும்பு வெட்டுற கத்திய எத்தினி வருஷமாத் தொட்டுக்கினு இருக்கிறேன், எவனாவது கேட்டானா?”

சொல்லிக்கொடுத்தவள் பெயர் கிளேர். என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். தலைமுடியை ஒட்ட வெட்டி, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, கோழி பிடிக்க நிற்கிறவள் மாதிரி நிற்பாள். முதல் சனிக்கிழமை முழுக்க எங்களை எதையும் தொட விடவில்லை. மேசைமேல் ஒரு பித்தளை விளக்குத்தண்டை வைத்து, பாருங்கள் என்றாள். பார்த்தோம். மறுபடியும் பாருங்கள் என்றாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரர், “இவ்வளவு நேரம் என் பெண்டாட்டியைக்கூட நான் பார்த்ததில்லை” என்று முணுமுணுத்தார். எனக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் சிநேகிதர் அவர்தான்.

பார்த்ததை எழுதச் சொன்னபோது நான் எழுதினேன்: அவள் களைத்திருக்கிறாள், இடுப்பில் அடிபட்டிருக்கிறாள், யாரோ அவளை அளவுக்கு மேல் தேய்த்திருக்கிறார்கள். கிளேர் படித்துவிட்டு, பிரெஞ்சில் விளக்குத்தண்டு ஆண்பால் என்றாள். இந்த ஊரில் நாற்காலி பெண், விளக்குத்தண்டு ஆண். யார் பிரித்துக் கொடுத்தார்களோ. ஆனால் ‘அளவுக்கு மேல் தேய்த்திருக்கிறார்கள்’ என்பதன் கீழ் அவள் ஒரு கோடு போட்டாள். “இதுதான் பார்ப்பது. தெரிந்துவைத்திருப்பதை எழுதாதீர்கள், கண்ணில் படுவதை எழுதுங்கள்.”

அடுத்த சனிக்கிழமைகளில் சொன்னவற்றில் நாலு விஷயம் எனக்கு நன்றாகப் பிடிபட்டது. அவற்றை உங்களுக்கும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த நாலும் சேர்ந்துதான் என்னை மாட்டிவிட்டன.

விளக்கை நேராகப் பிடித்தால் பொருள் பொய் சொல்லும், படுக்கவைத்துப் பிடித்தால் உண்மை சொல்லும். டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தால் மேடும் பள்ளமும் நிழல் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். இது ஒன்று. உலோகத்தில் உண்மையாக அடிபட்டால் காயத்தின் இரு ஓரமும் வரப்புபோல எழும்பி நிற்கும். காயத்தோடு இருக்கிற பொருளைப் பார்த்து அச்சு எடுத்து வார்த்தால், புதியதிலும் காயம் இருக்கும், ஆனால் வரப்பு மழுங்கிப் போயிருக்கும். மூன்றாவது, உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். அதனால் அச்சில் பிறந்தது தாயைவிட ஒரு துளி சின்னதாகவே இருக்கும்.

நாலாவது பச்சை. பச்சையில் நல்லது உண்டு, கெட்டது உண்டு. நல்ல பச்சை கரும்பச்சையாக, இறுக்கமாக, தோல்போலப் படிந்திருக்கும். பல காலம் எடுத்து வரும். அது பொருளைக் காப்பாற்றுகிற போர்வை. கெட்ட பச்சை வெளிர்நிறம். மாவுபோல உதிரும். உப்பு உலோகத்துக்குள் இறங்கிவிட்டால், ஈரம் படும்போதெல்லாம் அது உள்ளிருந்து தின்னும். வெண்கல நோய் என்று இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். துடைத்தால் போகும், மறுநாள் வரும்.

கடைசி நாள் எல்லோருக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதன் அடியில் ஒரு வரி: இதை வைத்திருப்பவர் பொருள்களைப் பார்வையிடலாம், பழுது பார்க்கக் கூடாது. பார்க்க மட்டும் உரிமை. செல்லம்மா அண்ணி பிறகு கொடுக்கப்போவதும் அதே சான்றிதழ்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

3

முதலில் மலைக்குப் பேசினேன். அங்கே சிக்னல் ஒரு பாறையின்மேல்தான் நன்றாக வரும். அண்ணி முகத்தைச் சும்மாட்டுத் துணியில் பொதிந்து, பாறைக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“இன்னாமே, பிரான்சு மாமி, நல்லாத் தெரியுதா?”

“வெளிச்சம் ஜாஸ்தி அண்ணி. முந்தானையால மறைச்சிக்கினு டார்ச்சப் படுக்க வச்சு அடிங்க.”

“பகல்ல டார்ச்சு அடிக்கிறவளப் பாத்தா, ஏற்கெனவே என்னப் பைத்தியம்னு சொல்ற மாமியார் இன்னா சொல்லுவா?” என்று கேட்டுக்கொண்டே அடித்தார். முந்தானை நிழலுக்குள் அம்மனின் கன்னம் வந்தது. தழும்பின் இரு ஓரமும் வரப்பு எழும்பி நின்றது. ஒரு பக்கம் உயரம், மறுபக்கம் கம்மி. பாறை எந்தப் பக்கத்திலிருந்து இடித்தது என்றுகூடச் சொல்லிவிடலாம். பிறகு பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து ஒரு காதிலிருந்து இன்னொரு காது வரை அளக்கச் சொன்னேன். அளந்து படம் அனுப்பினார்.

மறுநாள் அண்ணன். அவர் டார்ச்சைப் படுக்க வைக்காமல் நெற்றிக்கு நேரே அடித்தார். “அண்ணா, சாய்ச்சுப் புடி.” “சாய்ச்சா அம்மா மூஞ்சி இருட்டாத் தெரியுது, நல்லா இல்ல.” “எனக்கு நல்லா இருக்க வேணாம் அண்ணா. தெரிஞ்சா போதும்.” சாய்த்தார். தழும்பு வந்தது. இரண்டு ஓரமும் வழவழவென்று, வெண்ணெயில் விரலால் கோடு போட்டதுபோல இருந்தது. காதுக்குக் காது ஸ்கேல் வைத்த படமும் வந்தது. மலைமேல் இருப்பதைவிட ஒரு நெல் அகலம் குறைவு.

என் கண்ணின்மேல் எனக்கு நம்பிக்கையில்லை. வருஷா வருஷம் புளி போட்டுத் தேய்த்ததில் ஓரம் மழுங்கியிருக்கலாம் அல்லவா? ஆனால் மலையிலும் அதே புளிதான், அதே தேங்காய் நார்தான். அந்த வரப்பு அப்படியே நிற்கிறது. நெல் அகலத்துக்குப் புளியைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் அம்மன் காயம் பட்டவள் இல்லை. தழும்போடு பிறந்தவள்.

அப்போதுதான் அண்ணன் சொன்ன பச்சையைக் கிட்டத்தில் பார்த்தேன். தாடைக்குக் கீழேயும் மூக்குத்திக் குழியிலும் வெளிர்பச்சைப் புள்ளிகள். தோல்போல இல்லை, பாசிப்பயறு மாவு தூவினாற்போல இருந்தன.

“அண்ணா, இந்தப் பச்சை எப்ப வந்துச்சு?”

“அது தானா வந்துச்சு பாப்பா. அவளே காட்டிக்குடுக்கிறா, நான்தான் மூத்தவன்னு.”

திரைக்கு வெளியிலிருந்து அவர் மனைவி மல்லிகாவின் குரல் வந்தது. “தானாவா? ஐப்பசி மழையில உப்பும் புளியும் தடவி, கோமியம் ஊத்தி எருக்குழியில பொதச்சியே, அதச் சொல்லு உன் தங்கச்சிகிட்ட!”

“நீ போய் மாட்டப் பாருடி.”

“மாட்டப் பாத்துட்டுத்தான் வரேன். எருக்குழியில எரு எடுக்கப் போனா சாமி மொறைக்குது. பயந்து கூடையக் கீழ போட்டுட்டேன் பாப்பா,” என்றாள் மல்லிகா என்னிடம், திரைக்குள் தலையை நுழைத்து. “டீக்கடையில எவனோ போன்ல காட்டினானாம், பழைய செலைன்னா பச்சையா இருக்கும்னு. அன்னியிலிருந்து இவருக்குத் தூக்கமில்ல. இவ்ளோ நாளா பளபளன்னு தேய்ச்சு வச்சது யாரு? இவருதான். தேய்ச்சதாலதான் புதுசு மாதிரி இருக்குதுன்னு அவரே முடிவு பண்ணி, அவரே ஊறப் போட்டாரு.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கோபமில்லை, திருட்டுத்தனமும் இல்லை. பேரனுக்கு வயசைக் கூட்டிச் சொல்லிப் பள்ளியில் சேர்க்கிறவர்களின் முகம் இருக்கும் பாருங்கள், அந்த முகம்.

“இருக்கிற வயசுதானே பாப்பா. வெளியில தெரியல. தெரியவச்சேன்.”

ஒரு கறுப்புத் துணியை விரித்து அதன்மேல் முகத்தை வைக்கச் சொன்னேன். தொடாதே, துடைக்காதே, நாளைக்குத் துணியைக் காட்டு என்றேன். இதுவும் கிளேர் சொல்லிக்கொடுத்ததுதான். மறுநாள் படம் வந்தது. மல்லிகாவின் பழைய கறுப்பு ரவிக்கைத் துணிமேல், அம்மனின் தாடையைச் சுற்றி வெளிர்பச்சை மாவு ஒரு வட்டம் போட்டிருந்தது. கீழே அண்ணன் குரலில் ஒரு செய்தி: “பாத்தியா, இன்னும் வருது! தெனமும் வருது!” அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை என்னால் எழுத முடியவில்லை.

4

கிளேரிடம் படத்தைக் காட்டினேன். அவள் கைபேசியை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். யாருடையது என்று கேட்கவில்லை.

“ஈரமான இடமா?”

வாய்க்கால் ஓரம், கரும்புத் தோட்டத்துக்கு நடுவே என்றேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். நல்ல ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும், அதுவரை கழுவக் கூடாது, எண்ணெய் தடவக் கூடாது, உலர்ந்த இடம் ஒன்றுதான் மருந்து என்றாள். இப்படியே விட்டால்? “இன்னும் சில மழைக்காலம் போனால் மூக்கு இருக்காது. பிறகு கன்னம்.” ஊசிப்போகும் பலகாரத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்தாள். இந்த ஊரில் யாரும் அப்படி வைக்க மாட்டார்கள்.

நோயைச் சொல்வதில் எனக்குச் சிக்கலில்லை. அதைச் சொன்னால் பச்சை ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். பச்சை போனால் அண்ணன் கையில் இருக்கும் ஒரே ஆதாரமும் போகும். அடுத்து, ‘அப்ப எது மூத்தது?’ என்பார். தழும்பையும் நெல் அகலத்தையும் சொல்லியாக வேண்டும். கடைசி இலையில் உட்காரும் மனிதரிடம், உன் இலை சரியான இடத்தில்தான் போட்டிருக்கிறது என்று சொல்வதற்கா நான் படித்தேன்?

சொல்லாமலும் விடலாம். இரண்டும் சரிசமம் என்று சொல்லிவிடலாம். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு, கேமரா சரியில்லை என்று சொன்னால் யார் கேட்பார்கள்? புலம்பெயர்ந்தவர்களுக்கு எல்லாச் சங்கடத்துக்கும் சிக்னல் ஒரு சாக்கு. அப்பா கடைசியாகக் கிடந்தபோதுகூட நாங்கள் சிக்னலைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

இரண்டு நாள் அண்ணனுக்குப் பேசவில்லை. நித்யா கவனித்துவிட்டாள். சாப்பாட்டு மேசையில் கைபேசியை எடுத்து, கறுப்புத் துணிப் படத்தைப் பார்த்தாள். அவளுக்கு இதுவரை அது ‘உங்க சாமி’தான். என்ன இது என்று கேட்டாள். சொன்னேன். முழுவதும் சொன்னேன், எருக்குழி உட்பட. எருக்குழிக்குச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, என்னோடு தமிழில் பேசினாள். உடைந்த தமிழ்தான்.

“மாமா அவள நிறைய லவ் பண்றார் இல்ல? அப்போ சொல்லு. அவருக்கு நோய் தெரியணும். பர்ஸ்ட், செகண்ட் எல்லாம் அப்புறம்.”

அவளுக்கு முதல் பானையின் கனம் தெரியாது. தெரியாததால் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! எங்கள் பிள்ளைகள் எங்களைவிட்டு விலகிப் போகிறார்கள் என்று எழுதாத புலம்பெயர்ந்தவர் இல்லை. நானும் புலம்பியிருக்கிறேன். ஆனால் விலகி நிற்பவர்களுக்கு ஒரு பார்வை கிடைக்கிறது. அண்ணி என்னை நடுவராகப் பிடித்ததும் அதற்காகத்தானே?

5

மறுநாள் பின்னறையிலிருந்து பேசவில்லை. விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டிலிருந்து பேசினேன். அண்ணன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார், தீர்ப்புக் கேட்கிறவர்போல.

நோயிலிருந்து ஆரம்பித்தேன். உப்பு உள்ளே இறங்கியதை, மாவு ஏன் தினமும் வருகிறது என்பதை, மூக்கு, கன்னம் என்று கிளேர் சொன்னதை. அண்ணன் ஒரே ஒரு தடவை குறுக்கிட்டு, “வலிக்குமா?” என்று கேட்டார். பிறகு அவராகவே, “சரி, மீதியையும் சொல்லு” என்றார்.

சொன்னேன். வரப்பையும் வழவழப்பையும் அருகருகே இரண்டு படமாக அனுப்பினேன். நெல் அகலத்தைச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் கிளேர் குரல்போல ஆகிவிடக்கூடாதே என்று பயந்துகொண்டே சொன்னேன்.

அண்ணன் நெடுநேரம் படத்தைப் பார்த்தார். கரும்பு வெட்டுகிறவர் அல்லவா, ஓரத்தைப் பார்த்து எது வெட்டு எது வெடிப்பு என்று சொல்ல அவருக்கு நான் தேவையில்லை. பார்த்தவுடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது.

“அப்ப கீழ எறங்குனவரு, எறங்கும்போது இவள வார்த்து எடுத்துக்கினு வந்திருக்கிறாரு,” என்றார். “வெறுங்கையோட எறங்கல.”

“ஆமாண்ணா.”

“மேல அண்ணிகிட்ட சொல்லிட்டியா?”

“இன்னும் இல்ல. ரெண்டு வூட்டுக்கும் ஒண்ணாத்தான் சொல்லணும். நாளைக்குச் சொல்றேன்.”

“நீ சொல்லாத.”

“அண்ணா, அது நியாயமில்ல…”

“சொல்லாதன்னா சொல்லாத,” என்று வைத்துவிட்டார்.

அண்ணன் மறைக்கச் சொல்கிறார் என்றே நினைத்தேன். மறைத்தால் மாசியில் அந்த முகத்தை வைத்துக்கொண்டு முதல் பானைக்கு நிற்பார். மூத்தவள் என்று காட்ட அந்த மாவு வேண்டும், மாவு வேண்டுமென்றால் நோயும் வேண்டும். என் கூடப் பிறந்தவரை நான் அவ்வளவுதான் கணித்திருந்தேன். வெண்கலத்தைப் பார்க்க மூன்று சனிக்கிழமை படித்தவளுக்கு மனிதரைப் பார்க்கத் தெரியவில்லை.

6

மறுநாள் மதியம், தட்டுகள் இயந்திரத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தபோது மலையிலிருந்து அழைப்பு வந்தது. அண்ணி. பாறையின்மேல் இல்லை, வீட்டுக்குள்ளேயே. சிக்னல் விட்டு விட்டு வந்தது.

“பாப்பா, உங்க அண்ணன் இப்பதான் பஸ்ஸுல வந்து எறங்குனாரு. வெறும் வயித்துல. தண்ணி குடுத்தேன், வாங்கல. வாசல்ல நின்னுக்கினே சொல்றாரு, ‘அண்ணி, அம்மாவ ஊறுகா போட்டுட்டேன்’னு. நான் சிரிச்சிட்டேன். மாமியாரும் சிரிச்சாங்க. அப்பறம் அவரு மூஞ்சியப் பாத்தேன். சிரிப்பு போயிடிச்சி.”

“வேற இன்னா சொன்னாரு அண்ணி?”

“எல்லாம் சொல்லிட்டாரு. தழும்பு, அளவு, எருக்குழி, ஒண்ணு வுடல. ‘உங்க வூட்டுதுதான் மூத்தது, பானைய நீங்க வைங்க, என் வாயால சொல்லணும்னு வந்தேன். எங்க வூட்டுல உப்பே தண்ணியாப் போவுது, இவ அங்க பொழைக்க மாட்டா. உங்க அடுப்புக்கு மேல வெதைச் சாமை வைக்கிற பரண்ல ஒரு மூலை குடுங்க’ன்னு கேக்குறாரு. நான் இன்னா சொல்லட்டும்? வெதைய வைக்கிற எடத்துல வெக்காம வேற எங்க வெக்கிறது?”

(புகையைப் பற்றிப் பிறகு கிளேரிடம் கேட்டேன். முகத்தைச் சுளித்தாள். ஈரத்துக்கு அது எவ்வளவோ மேல், துணியில் பொதிந்து வைக்கச் சொல், சீக்கிரம் ஆய்வகத்துக்கு வழி பார் என்றாள். திருவிழா முடிந்ததும் கொண்டுபோவதாக அண்ணி ஒத்துக்கொண்டிருக்கிறார்.)

அண்ணி கைபேசியை மேலே திருப்பினார். கரி படிந்த மூங்கில் பரண். அதில் சுரைக் குடுக்கைகளுக்கு நடுவே ஒரு மணைப்பலகை. பலகையின் நடுவில் மலை வீட்டு முகம், தன் வரப்புத் தழும்போடு. கீழே அண்ணன் கவிழ்த்த உரலின்மேல் ஏறி நின்றார். வெள்ளைச் சட்டைதான், நேற்றுப் போட்டது. கையில் துண்டில் பொதிந்த எங்கள் முகம்.

எங்கள் வகையறாவில் பந்தியானாலும் படமானாலும் மூத்தவருக்கு வலப்பக்கம். இது மலையிலும் கீழேயும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அண்ணிக்குத் தெரியாதா? ஆனாலும் கீழேயிருந்து அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“வலப்பக்கம் எடம் இருக்குது பாரு தம்பி. அங்கயே வை. இன்னிக்கு வந்த விருந்தாளி அவ.”

அண்ணன் துண்டோடு முகத்தை மார்பில் அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் மலை வீட்டு முகத்தை வலப்பக்கமாக ஒரு சாண் நகர்த்தினார். நகர்த்திவிட்டு, எங்களுடையதை அதன் இடப்பக்கத்தில் வைத்தார்.